மூன்று கிருமி பாசிட்டிவ், குழந்தை நன்றாக விளையாடுகிறாள்: மறுபடி மருந்து வேண்டுமா?

கேள்வி: என் மகளுக்கு நாலரை வயது. போன மாதம் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போய் வந்த இரண்டாம் நாள் லூஸ் மோஷன் ஆரம்பித்தது. மருந்துக்கடையில் சொல்லி ஒரு சிரப் வாங்கி (ஆஃப்ளாக்சசின், ஆர்னிடசோல் என்று பாட்டிலில் போட்டிருந்தது) இரண்டு வேளை கொடுத்தோம். அடங்கவில்லை. 102 டிகிரி காய்ச்சல், மலத்தில் சளி, ரத்தம். ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். ‘ஸ்டூல் பிசிஆர் பேனல்’ என்று 11,500 ரூபாய்க்கு ஒரு டெஸ்ட். கல்ச்சர் தனியாக 900 ரூபாய். பிசிஆர் ரிப்போர்ட் அன்று மாலையே வந்துவிட்டது: ஷிகெல்லா/ஈஐஈசி பாசிட்டிவ், கேம்பைலோபேக்டர் பாசிட்டிவ், ஈபிஈசி பாசிட்டிவ். மூன்றாம் நாள் வந்த கல்ச்சரில் ‘நோய்க்கிருமி எதுவும் வளரவில்லை’. அஸித்ரோமைசின் கொடுத்தார்கள், நன்றாகிவிட்டாள். மனது கேட்காமல் இரண்டு வாரம் கழித்து வேறு லேபில் அதே பேனலை மறுபடி எடுத்தோம். ஷிகெல்லா இல்லை, மற்ற இரண்டும் இன்னும் பாசிட்டிவ். குழந்தை நன்றாகச் சாப்பிடுகிறாள், மலம் சாதாரணமாகப் போகிறது. இன்னொரு கோர்ஸ் மருந்து கொடுக்க வேண்டும் என்கிறார் கணவர். ‘ஓஆர்எஸ் பாக்கெட்டில் போகவேண்டியதற்கு இத்தனை ஆயிரமா’ என்கிறார் மாமியார். பிசிஆர், கல்ச்சர், இரண்டில் எதை நம்புவது? மாமியாருக்கும் ஐந்து வாரமாக வயிறு சரியில்லை, தினமும் மூன்று நான்கு முறை போகிறார். அவருக்கு வயது 68, சர்க்கரை நோய் உண்டு. அவருக்கும் இந்த டெஸ்டை எடுத்துவிடலாமா?
— ஓர் அம்மா, திருப்பூர்

அன்புள்ள சகோதரிக்கு,

அவசரமான கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மகளுக்கு மறுபடி ஆன்டிபயாடிக் வேண்டாம். மூன்றாவது முறை டெஸ்டும் வேண்டாம். காய்ச்சல் இல்லை, சாப்பிடுகிறாள், மலம் சரியாகப் போகிறது என்றால் அவள் குணமாகிவிட்டாள். இரண்டாவது ரிப்போர்ட்டை ஃபைலில் போட்டுவிட்டு அவளைப் பள்ளிக்கு அனுப்புங்கள். உங்கள் கணவரின் பயம் எனக்குப் புரிகிறது. காகிதத்தில் தடித்த எழுத்தில் ‘பாசிட்டிவ்’ என்று இருக்கும்போது சும்மா இருப்பது எந்த அப்பாவுக்கும் கஷ்டம்தான். அதனால் அந்தக் காகிதத்தை எப்படிப் படிப்பது என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பிசிஆர் ‘இருக்கிறது’ என்கிறது, கல்ச்சர் ‘இல்லை’ என்கிறது. யாரோ ஒருவர் பொய் சொல்வதுபோலத் தெரிகிறது. உண்மையில் இரண்டும் இரண்டு வேறு கேள்விக்குப் பதில் சொல்கின்றன. கல்ச்சர் கேட்பது: இந்த மலத்தில் உயிரோடு இருக்கும் கிருமி ஏதாவது என் தட்டில் வளருமா? பிசிஆர் கேட்பது: இந்தக் கிருமியின் மரபணுத் துண்டு இதில் எங்கேயாவது இருக்கிறதா? உயிரோடா, செத்தா என்பது அதற்குத் தெரியாது. கவலையும் இல்லை.

கல்ச்சர் ஏன் வெறுங்கையோடு வந்தது என்பதை உங்கள் கடிதத்திலேயே எழுதிவிட்டீர்கள். மருந்துக்கடை சிரப் இரண்டு வேளை. ஆன்டிபயாடிக் உள்ளே போன பிறகு எடுத்த மலத்தில் கிருமிகள் பாதி செத்தும் பாதி மயங்கியும் இருக்கும், தட்டில் வளராது. போதாததற்கு ஷிகெல்லா ரொம்பத் தொட்டாற்சிணுங்கி. உடம்புக்கு வெளியே வந்த மலத்தில் அமிலம் கூடக்கூட அது சீக்கிரம் செத்துவிடும். வார்டில் எடுத்த டப்பா, வார்டு பாய் வரும்வரை மேஜையில் காத்திருந்து, பில் போட்டு, லேபுக்கு வந்து சேர நான்கு மணி நேரம் ஆனால் ஷிகெல்லாவை மறந்துவிட வேண்டியதுதான். இதற்காகவே கேரி-பிளேர் என்று ஒரு கடத்து ஊடகம் உண்டு. மலத்தை அதில் தோய்த்து அனுப்பினால் கிருமி பிழைத்து வரும். அதைக் கேட்டு வாங்கும் வார்டுகள் குறைவு.

கேம்பைலோபேக்டர் கதை வேறு. அது நாம் சுவாசிக்கும் காற்றில் வளராது. ஆக்சிஜன் குறைந்த காற்று வேண்டும், 42 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும், தனித் தட்டு வேண்டும். ‘ஸ்டூல் கல்ச்சர்’ என்று எழுதி அனுப்பினால் நம் ஊர் லேப்கள் பலவற்றில் தேடுவது சால்மோனெல்லா, ஷிகெல்லா, சந்தேகம் இருந்தால் காலரா. அவ்வளவுதான். ஆக உங்கள் ரிப்போர்ட்டில் ‘வளரவில்லை’ என்பதற்கு, கேம்பைலோபேக்டரைப் பொறுத்தவரை, ‘யாரும் தேடவில்லை’ என்றுகூட அர்த்தம் இருக்கலாம். லேப்காரனாக இதை ஒப்புக்கொள்வதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

சரி, பிசிஆர். கொரோனா வந்த பிறகு இந்தச் சொல்லைத் தெரியாத வீடு இல்லை. ஒரு மரபணுத் துண்டை இரண்டாக்கி, நான்காக்கி, எட்டாக்கி, ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பாக்கிக்கொண்டே போவது. 30 சுற்று முடிந்தால் ஒரே ஒரு துண்டு கணக்குப்படி 107 கோடியாகிவிடும். இதைக் கண்டுபிடித்த கேரி மல்லிஸுக்கு 1993இல் வேதியியல் நோபல் கிடைத்தது. வயிற்றுப்போக்குக்கு வரும் பேனல் என்பது இதே வேலையைப் பல கிருமிகளுக்கு ஒரே நேரத்தில் செய்வது. உதாரணத்துக்கு பயோஃபயர் ஃபிலிம்அரே என்ற பேனலை எடுத்துக்கொள்ளுங்கள். 2014இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதித்தது. ஒரு பிளாஸ்டிக் பையில் எல்லா ரசாயனமும் உலர்ந்த நிலையில் இருக்கும். கடத்து ஊடகத்தில் கலந்த மலத்தில் கொஞ்சம் எடுத்து ஊற்றிக் கருவியில் செருகினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் 22 கிருமிகளுக்குப் பதில் வந்துவிடும்: 13 பாக்டீரியா, 5 வைரஸ், 4 ஒட்டுண்ணி. கல்ச்சருக்கு இரண்டு மூன்று நாள் ஆகும் இடத்தில் இது பெரிய பாய்ச்சல்தான். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் கொரோனா நமக்கு ஒரு பழக்கத்தையும் விட்டுப் போயிருக்கிறது. பாசிட்டிவ் என்றால் நோய், நெகட்டிவ் என்றால் நிம்மதி. குடலில் இந்தக் கணக்கு செல்லாது. தொண்டையில் கொரோனா வைரஸுக்கு வேறு வேலை இல்லை. குடலோ கோடானுகோடி பாக்டீரியாக்கள் குடித்தனம் நடத்தும் இடம். அதில் நோய் செய்யக்கூடியவையும் சிலசமயம் வம்புதும்பு இல்லாமல் தங்கிப் போகும்.

இது ஊகம் இல்லை. மால்-எட் என்று எட்டு நாடுகளில் ஓர் ஆய்வு நடந்தது. அதில் இந்தியாவுக்கான இடம் நம் வேலூர்தான், சிஎம்சிகாரர்கள் நடத்தினார்கள். பிறந்ததிலிருந்து குழந்தைகளைத் தொடர்ந்து, பேதி வந்தபோது மட்டுமல்லாமல் நன்றாக இருக்கும்போதும் மாதாமாதம் மலத்தை எடுத்துப் பார்த்தார்கள். பேதியே இல்லாத மலத்திலும் கேம்பைலோபேக்டரும், குடலில் வாழும் ஈ. கோலை என்ற பாக்டீரியாவின் வகைகளும் சர்வசாதாரணமாக இருந்தன. இதற்கு முன் கொல்கத்தா உட்பட ஏழு நாடுகளில் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களிடம் நடந்த ஜெம்ஸ் ஆய்வு 2013இல் வெளியானது. கடுமையான பேதியோடு வந்த குழந்தைகளில் 83 சதவீதத்தினரிடம் ஏதாவது ஒரு கிருமி இருந்தது. அதே தெருவில், அதே வயதில், பேதி இல்லாத குழந்தைகளிடம்? 72 சதவீதம். இந்த இரண்டு எண்ணையும் உங்கள் கணவரிடம் காட்டுங்கள். நம் ஊர்ச் சிறு குழந்தையிடம் இந்தப் பேனலைப் போட்டால் ஏதாவது ஒன்று பாசிட்டிவாக வருவது பெரிய செய்தி இல்லை.

இதே ஜெம்ஸ் மாதிரிகளில் ஒரு பகுதியை அளவு சொல்லும் பிசிஆரால் மறுபடி பரிசோதித்து 2016இல் வெளியிட்டார்கள். அதில் இரண்டு விஷயம் தெரிந்தது. ஒன்று, ஷிகெல்லாவின் பங்கு முன்பு நினைத்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. கல்ச்சர் அவ்வளவு தவறவிட்டிருக்கிறது. உங்கள் மகள் விஷயத்தில் நடந்ததும் இதுதான். இன்னொன்று, பல கிருமிகளில் ‘இருக்கிறதா’ என்பதைவிட ‘எவ்வளவு இருக்கிறது’ என்பதுதான் நோயைச் சொன்னது. கொஞ்சம் இருந்தால் விருந்தாளி, குவிந்திருந்தால் குற்றவாளி. வருத்தம் என்னவென்றால் மருத்துவமனைகளில் வாங்கும் பேனல்களில் பெரும்பாலானவை அந்த அளவைச் சொல்வதில்லை. உண்டு, இல்லை. அத்தோடு சரி.

இப்போது உங்கள் ரிப்போர்ட்டை வரிவரியாகப் பார்ப்போம்.

ஷிகெல்லா/ஈஐஈசி என்று சாய்கோடு போட்டு எழுதியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஈஐஈசி என்பது குடல் சுவருக்குள் புகும் ஒரு வகை ஈ. கோலை. இரண்டிலும் ஐபிஏஹெச் என்ற அதே மரபணு இருப்பதால் பேனலால் பிரித்துச் சொல்ல முடியாது. சிகிச்சைக்கு அது பெரிய குறையும் இல்லை, இரண்டும் செய்வது சீதபேதிதான். காய்ச்சல், சளி, ரத்தம், வயிற்றைப் பிசையும் வலி எல்லாம் சேர்ந்து வரும்போது இந்த வரியில் பாசிட்டிவ் வந்தால் நான் சந்தேகப்பட மாட்டேன். குற்றவாளி பெரும்பாலும் இதுதான். 10 முதல் 100 கிருமி வயிற்றுக்குள் போனாலே போதும், நோய் வந்துவிடும். விசேஷ வீட்டில் பரிமாறிய ஒரு கை கழுவப்படாமல் இருந்திருந்தால் போதும்.

கேம்பைலோபேக்டர் கூட்டாளியாக இருந்திருக்கலாம், சும்மா உடனிருந்திருக்கலாம். அதுவும் ரத்தபேதி தரும் கிருமிதான். நல்லவேளையாக அஸித்ரோமைசின் இரண்டுக்கும் வேலை செய்யக்கூடிய மருந்து. உங்கள் மருத்துவர் அதைத் தேர்ந்தெடுத்தது நல்ல முடிவு. மருந்துக்கடை சிரப்பில் இருந்த ஆஃப்ளாக்சசின் குடும்பத்துக்கு நம் நாட்டில் ஷிகெல்லாவும் கேம்பைலோபேக்டரும் பெரும்பாலும் மசிவதில்லை. அதோடு கலந்திருந்த ஆர்னிடசோலுக்கு அமீபா, ஜியார்டியா போன்ற ஒட்டுண்ணிகளிடம்தான் வேலை. நாலரை வயதுக் குழந்தையின் பேதிக்கு, என்ன ஏது என்று தெரியும் முன்பே, இந்தக் கூட்டு சிரப்பை எடுத்துக் கொடுப்பது ஊருக்கு ஊர் நடக்கிறது. கோபம்தான் வருகிறது. கல்ச்சரைக் கெடுத்தது அதுதான் என்பது என் கணிப்பு.

ஈபிஈசியைக் கண்டுகொள்ள வேண்டாம். அதுவும் ஒரு வகை ஈ. கோலைதான். ஈஏஈ என்ற ஒரு மரபணுவை வைத்து அதை அடையாளம் காண்கிறார்கள். கைக்குழந்தைகளிடம் அதற்குக் கொஞ்சம் முக்கியத்துவம் உண்டு. நாலரை வயதில், பக்கத்தில் ஷிகெல்லா நிற்கும்போது, அது கூட்டத்தில் வேடிக்கை பார்க்க வந்த ஆள்.

இரண்டாவது டெஸ்டைப் பற்றி: அதை எடுத்திருக்க வேண்டாம். திட்டவில்லை, ‘நெகட்டிவ் ஆகிவிட்டதா என்று பார்த்துவிடலாம்’ என்று நினைக்காத பெற்றோர் யார்? ஆனால் இந்த டெஸ்ட் குணமானதைக் காட்டும் டெஸ்ட் இல்லை. செத்த கிருமியின் மரபணுவும், கொஞ்சநஞ்சம் தங்கியிருக்கும் கிருமியும் வாரக்கணக்கில் வெளியேறிக்கொண்டே இருக்கும். கொரோனா போய் ஒரு மாதம் ஆன பிறகும் சிலருக்குப் பாசிட்டிவ் வந்தது ஞாபகம் இருக்கும். முறையான லேப் என்றால், கட்டியாகப் போன மலத்தைக் கொண்டுவந்து இந்தப் பேனலைக் கேட்டால் ‘இது எதற்கு’ என்று திருப்பி அனுப்ப வேண்டும். உங்களிடம் காசை வாங்கிக்கொண்டு ஓட்டிவிட்டார்கள். (சமையல் வேலையில் இருப்பவர், ஹாஸ்டல் மெஸ்ஸில் பரிமாறுபவர் இப்படிப்பட்டவர்களுக்கு ஷிகெல்லா, டைபாய்டு வந்தால் வேலைக்குத் திரும்பும்முன் மறுபரிசோதனை கேட்கப்படுவது உண்டு. அது வேறு கணக்கு, அதற்கும் பெரும்பாலும் கல்ச்சர்தான்.)

அப்படியானால் முதல் டெஸ்டுக்குக் கொடுத்த 11,500 ரூபாய் வீணா? இதில் என் பதில் கொஞ்சம் வழவழா என்றுதான் இருக்கும். ஐந்து வயதுக்குள், காய்ச்சலோடு ரத்தபேதி, ஏற்கெனவே அரைகுறை மருந்து. டெஸ்ட் கேட்க நியாயம் இருந்தது. ஆனால் ரத்தபேதியோடு வரும் குழந்தைக்கு ஷிகெல்லா என்றே கருதி சிகிச்சையைத் தொடங்கு என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் நெடுங்காலமாகச் சொல்லிவருவது. டெஸ்டே இல்லாவிட்டாலும் அனுபவமுள்ள குழந்தை மருத்துவர் அஸித்ரோமைசினோ செஃப்ட்ரியாக்சோனோதான் எழுதியிருப்பார். ஆக உங்கள் விஷயத்தில் டெஸ்ட், மருத்துவர் ஏற்கெனவே யோசித்ததை உறுதி செய்தது. அந்த உறுதிக்கு விலை கொஞ்சம் அதிகம்.

இந்த மாதிரி டெஸ்ட் எழுதினால் மருத்துவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: ‘டாக்டர், இதில் என்ன வந்தால் வைத்தியத்தை எப்படி மாற்றுவீர்கள்?’ பதில் தெளிவாக வந்தால் எடுங்கள். ‘எதுக்கும் பார்த்துடலாம்’ என்று வந்தால் யோசியுங்கள்.

பதில் தெளிவாக வரும் இடங்கள் நிறைய உண்டு. சிறுநீரகம் மாற்றியவர், கீமோ எடுத்துக்கொள்பவர், மூன்று மாதம்கூட ஆகாத சிசு, ஷாக் நிலைக்குப் போகும் முதியவர். இவர்களுக்கு மூன்று நாள் காத்திருப்பது ஆபத்து. ஒரு மணி நேரத்தில் பெயர் தெரிவது உயிரைக் காக்கலாம். அடிக்கடி ஆன்டிபயாடிக் எடுத்து மருத்துவமனையில் கிடந்தவருக்குத் திடீரென்று பேதி என்றால் சி. டிஃபிசில் என்ற கிருமியைத் தேட வேண்டும், அதற்கு மருந்தே வேறு. இதே சி. டிஃபிசில் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையிடம் பாசிட்டிவாக வந்தால் அதைப் பொருட்படுத்தக் கூடாது; அந்த வயதில் அது தொந்தரவு இல்லாமல் குடியிருக்கும். ரோட்டா சொட்டுமருந்து போட்ட சில நாளில் ரோட்டா பாசிட்டிவ் வருவதும் இந்த வகைதான், தடுப்பூசி வைரஸே வெளியேறிக்கொண்டிருக்கும்.

மருந்து கொடுக்காமல் இருக்கவும் டெஸ்ட் உதவும், இதை யாரும் அதிகம் பேசுவதில்லை. ஷிகா நச்சு சுரக்கும் ஈ. கோலை என்று ஒன்று உண்டு. ரத்தபேதி தரும், காய்ச்சல் பெரும்பாலும் இருக்காது. அதற்கு ஆன்டிபயாடிக் கொடுத்தால் நச்சு கூடி, சிறுநீரகம் பழுதாகும் அபாயம் அதிகமாகலாம் என்பதால் மருத்துவர்கள் கையைக் கட்டிக்கொண்டு, நீர்ச்சத்தை மட்டும் கவனிப்பார்கள். நம் நாட்டில் இது அரிது. ஜெர்மனியில் 2011இல் இந்த வகையில் ஒரு புதுக் கிருமி கிளம்பி 3,800 பேருக்கு மேல் பாதித்து, 50 பேருக்கு மேல் இறந்தார்கள். கடைசியில் எதில் வந்தது என்று பார்த்தால் முளைகட்டிய வெந்தயம். உடம்புக்கு நல்லது என்று பச்சையாகச் சாப்பிட்டார்கள்.

நெகட்டிவையும் நம்பி நிம்மதியாக இருந்துவிட முடியாது. பேனல் தன் பட்டியலில் இருப்பதை மட்டும்தான் தேடும். 1992 கடைசியில் மதராஸில் நடந்ததை எங்கள் துறையில் இன்றும் பாடமாகச் சொல்வோம். காலரா மாதிரியே வயிற்றுப்போக்கு, நுண்ணோக்கியில் பார்த்தால் காலராக் கிருமி மாதிரியே ஓட்டம். ஆனால் அதுவரை காலராத் தொற்றுக்குக் காரணம் என்று அறியப்பட்ட ஓ1 வகையை அடையாளம் காட்டும் எதிர்ச்சீரம் என்ற திரவத்தோடு கலந்தால் ஒட்டவில்லை. பட்டியல்படி பார்த்தால் ‘காலரா இல்லை’. உண்மையில் அது ஓ139 என்ற புது வகைக் காலரா. அங்கிருந்து கொல்கத்தாவுக்கும் பங்களாதேஷுக்கும் போய் பெரிய கொள்ளைநோயானது. சோதனை ‘இல்லை’ என்றபோதும் ‘இது காலராதான்’ என்று மலத்தைப் பார்த்தே அடம்பிடிக்க ஆட்கள் தேவைப்பட்டார்கள்.

காலரா என்றதும் ஓர் இடைச்செருகல். ‘ரேபிட் டெஸ்ட்’ என்பதே புதுசு என்று நினைக்காதீர்கள். ஒரு சொட்டு மலத்தைக் கண்ணாடியில் தொங்கவிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் காலராக் கிருமிகள் எரிநட்சத்திரம்போல அங்குமிங்கும் பாயும். நான் படித்த காலத்தில் ராத்திரி டூட்டியில் இதைப் பார்த்துத்தான் வார்டுக்கு போன் போடுவோம். ஐந்து நிமிடம், செலவு என்று எதுவும் இல்லை. உறுதி செய்ய கல்ச்சர் பின்னால் வரும்.

ஊரே பேதியில் விழுந்தால் கணக்கு மாறும். 2022 ஜூலையில் காரைக்காலில் காலரா பரவி, பொதுச் சுகாதார அவசரநிலையே அறிவித்தார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் முதல் சில மாதிரிகளில் கிருமியின் பெயர் எவ்வளவு சீக்கிரம் தெரிகிறதோ அவ்வளவு சீக்கிரம் எந்தக் குழாயை அடைப்பது, எங்கே குளோரின் போடுவது என்று தெரியும். பிசிஆர் டெஸ்ட் அங்கே தங்கம். ஆனால் கிருமி இன்னது என்று தெரிந்த பிறகு வருகிற ஒவ்வொரு நோயாளிக்கும் டெஸ்ட் போட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். டிரிப்ஸ் போடத்தான் நேரம் இருக்கும். உங்கள் விசேஷ வீட்டில் சாப்பிட்ட வேறு பலருக்கும் வயிற்றுப்போக்கு வந்திருந்தால் மாநகராட்சி சுகாதாரப் பிரிவுக்கோ 104 மருத்துவ உதவி எண்ணுக்கோ ஒரு போன் போட்டிருக்கலாம். இனி ஒரு தடவை நடந்தால் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கல்ச்சரை ஒரேயடியாக ஓரங்கட்டிவிடவும் முடியாது. பேனல் கிருமியின் பெயரைச் சொல்லும்; எந்த மருந்துக்கு அது சாகும் என்று சொல்லாது. மருந்து எதிர்ப்பு இவ்வளவு மோசமாக இருக்கும் நாட்டில் அது பாதி விடைதான். அதனால்தான் அமெரிக்காவின் தொற்றுநோய் மருத்துவர் சங்கம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டியிலும், பேனலில் பாசிட்டிவ் வந்தால் அதே மாதிரியைக் கல்ச்சருக்கும் போடு என்று இருக்கிறது. கிருமி உயிரோடு கையில் கிடைத்தால்தான் எந்த மருந்து கேட்கும் என்று பார்க்க முடியும், ஊரில் எந்த வகை சுற்றுகிறது என்றும் தெரியும். உங்கள் மருத்துவமனையில் இரண்டையும் சேர்த்து அனுப்பினார்களே, அது சரியான நடைமுறை. சிரப் முந்திக்கொண்டதுதான் கெடுத்தது.

ஆகவே எப்போதாவது மலப் பரிசோதனை என்று வந்தால் ஆன்டிபயாடிக் முதல் டோஸுக்கு முன்பே மாதிரியை எடுங்கள். வாயகன்ற சுத்தமான டப்பா, சிறுநீர் கலக்காமல். டயப்பரிலிருந்து சுரண்டி எடுக்க வேண்டாம், பினாயில் ஊற்றிய பேசினிலிருந்தும் வேண்டாம். சளியோ ரத்தமோ இருந்தால் அந்தப் பகுதியைச் சேர்த்து எடுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் லேபில் கொடுங்கள். முடியாது என்றால் கடத்து ஊடகம் கேளுங்கள். இன்னொன்று: டைபாய்டு சந்தேகம் என்றால் மலப் பேனல் அதற்கான டெஸ்ட் இல்லை. ரத்தக் கல்ச்சர்தான், அதுவும் மருந்துக்கு முன். விடால் என்ற ஒரே ஒரு ரத்த டெஸ்டை வைத்து டைபாய்டு என்று முடிவுகட்டும் பழக்கத்தைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும், அவ்வளவு இருக்கிறது.

மாமியார் சொன்ன ஓஆர்எஸ் விஷயத்தில் அவருக்கு முக்கால் பங்கு மதிப்பெண். வரும் பேதிகளில் பெரும்பாலானவை எந்த ஆன்டிபயாடிக்கும் இல்லாமல் சில நாளில் தானே அடங்கிவிடும். குழந்தையை மோசமாக்குவது கிருமியைவிட நீர் வற்றுவதுதான். 1971இல் பங்களாதேஷ் போரின்போது வங்காளத்து பன்காவ் அகதி முகாமில் டிரிப்ஸ் பாட்டில் தீர்ந்துபோன நிலையில், உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை டிரம்மில் வைத்துக் குடிக்கக் கொடுத்தே காலரா நோயாளிகளைக் காப்பாற்றினார் டாக்டர் திலீப் மகலனோபிஸ். அவர் கையில் எந்தப் பேனலும் இல்லை. கால் பங்கு ஏன் குறைத்தேன் என்றால், ரத்தத்தோடும் காய்ச்சலோடும் வரும் சீதபேதிக்கு ஓஆர்எஸ் மட்டும் போதாது.

அந்தப் பாக்கெட்டைக் கலப்பதிலும் தவறு நடக்கிறது. பெரிய பாக்கெட் என்றால் முழுவதையும் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரே தடவையாகக் கலக்க வேண்டும். டம்ளருக்கு ஒரு சிட்டிகை என்று போட்டால் உப்பு அளவு தாறுமாறாகும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இருக்கிறதா என்று பாக்கெட்டில் பாருங்கள். ஓஆர்எஸ் என்று பெயர் போட்டு இனிப்புப் பானத்தை விற்றதற்கு உணவுப் பாதுகாப்பு அமைப்பான எஃப்எஸ்எஸ்ஏஐ 2025 அக்டோபரில்தான் தடை போட்டது. அப்புறம், ஜிங்க். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பேதி வந்தால் 14 நாள் ஜிங்க் மாத்திரை கொடுக்க வேண்டும். ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்குத் தினம் 20 மில்லிகிராம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். உங்கள் கடிதத்தில் அது இல்லை. கொடுத்திருந்து எழுதாமல் விட்டிருந்தால் நல்லது.

கடைசியாக மாமியார். ஐந்து வாரம் என்கிறீர்கள், காய்ச்சல் பற்றியும் ரத்தம் பற்றியும் எதுவும் எழுதவில்லை. இவ்வளவு நாள் நீடித்தால் அது பேத்திக்கு வந்தது மாதிரித் தொற்றாக இருக்க வாய்ப்பு குறைவு. பேனல் போட்டால் ஏதாவது ஓர் ஈ. கோலை பாசிட்டிவாக வந்து, அதைத் துரத்திக்கொண்டு நாம் அலைவோம். அவருடைய மாத்திரைப் பெட்டியைத் திறந்து பாருங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறாரா? சமீபத்தில் அதன் அளவைக் கூட்டினார்களா? அந்த மாத்திரையின் தெரிந்த பக்கவிளைவு இதுவே. சாப்பாட்டோடு எடுப்பது, மெதுவாகக் கரையும் வகைக்கு மாறுவது என்று சர்க்கரை மருத்துவரே சரிசெய்துவிடுவார். நீங்களாக நிறுத்த வேண்டாம். மாத்திரை காரணம் இல்லை என்றால் மலத்தை நுண்ணோக்கியில் பார்க்கும் சாதாரணப் பரிசோதனை, தைராய்டு, ரத்த எண்ணிக்கை இவற்றிலிருந்து தொடங்கட்டும். எடை குறைந்திருந்தாலோ, ரத்தம் தெரிந்தாலோ, ராத்திரி தூக்கத்திலிருந்து எழுந்து போக வேண்டியிருந்தாலோ காத்திருக்காமல் குடல் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். அவருக்குத் தேவைப்படுவது பெருங்குடல் எண்டோஸ்கோப்பியாக இருக்கலாம்.